ரெட்டை அறையும் முகப்பும்: பழைய சாமான்களோடு எட்டு மாதம்

எங்கள் வீட்டு முகப்பு வளைவுக்கு மேலே சுதையில் 1927 என்று எழுதியிருக்கும். கானாடுகாத்தானிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் ஊர். ஐயா காலத்தில் வீட்டுக்கு நாலு பங்கு, இப்போது பதினொன்று. அதில் எங்களுக்கு வருவது வளவில், அதாவது நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியில், கிழக்குப் பக்கம் ஓர் இரட்டை அறை, முகப்பை ஒட்டி ஒரு சின்ன அறை, பின்னால் இரண்டாம் கட்டில் பத்தியின் (முற்றத்தை ஒட்டிய தாழ்வாரம்) ஒரு துண்டு. 'செட்டிநாட்டு அரண்மனை' என்று யாராவது வாயைப் பிளந்தால் எனக்குச் சிரிப்பு வரும். அந்த அரண்மனையில் யாரையும் கேட்காமல் நான் ஆணி அடிக்க முடிந்த இடம் மூன்றே மூன்றுதான்.

அப்பச்சி, அதாவது அப்பா, போன பிறகு நான்கு வருஷம் பூட்டிக் கிடந்தது. முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வருவோம், திண்ணையில் உட்காருவோம், சாயந்தரம் ஆனால் காரைக்குடி லாட்ஜுக்குப் படுக்கப் போவோம். சொந்த வீட்டு வாசலைத் தாண்டி லாட்ஜுக்குப் போவது உறுத்தியது. போன தை மாதம் வேலையைத் தொடங்கினேன். கோயம்புத்தூரிலிருந்து மாதம் ஒரு வாரம் வந்து தங்கிச் செய்தது. ஆவணியில் முடிந்தது. முடிந்தது என்றால், நிம்மதியாகப் படுத்துத் தூங்கலாம் என்கிற அளவுக்கு.

முதல் வாரம் முழுக்க உள் அறையைக் காலி செய்வதிலேயே போனது. இரட்டை அறை என்பது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு அறை. கல்யாணமான ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஜோடி என்று கணக்கு. பெரும்பாலும் அது சாமான் வைக்கத்தான். ஆட்கள் படுத்ததெல்லாம் பத்தியில், மாடியில். அதனால் ஜன்னல் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இருக்காது. டார்ச் அடித்துக்கொண்டு உள்ளே போனால் செம்புக் குடம், வெண்கலப் பானை, பித்தளை அடுக்கு, எனாமல் தூக்கு, அரக்குப் பூசிய பர்மா கூடை, பீங்கான் ஊறுகாய் ஜாடி, மரக்கால், படி, நின்றுபோன சுவர்க் கடிகாரம், ரசம் போன பெல்ஜியம் கண்ணாடி, கணக்குப்பிள்ளை மேசை என்று சுவரோடு சுவராக அடுக்கியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் நூலில் ஓர் அட்டை கட்டி, எண் போட்டு, போனில் படம் எடுத்துக்கொண்டேன். 214 வந்தது. இந்த எண் போடும் வேலையை அலுப்பாக நினைத்து விட்டுவிடாதீர்கள். பங்காளி வீட்டில் எது யாருடையது என்ற பேச்சு எப்போது வேண்டுமானாலும் வரும்.

எங்கள் பாத்திரங்களில் விலாசம் வெட்டியிருக்கும். ஊர்ப் பேர், வீட்டுப் பேர், தலைமுறை எழுத்துகள் எல்லாம் புள்ளி புள்ளியாக, உளி முனையால் தட்டித் தட்டி எழுதியது. அந்த எழுத்தைப் பார்த்துத்தான் இரண்டு அண்டாவைச் சித்தப்பா பங்குக்குத் திருப்பிக் கொடுத்தேன். அவர்களுக்கே அது தங்களுடையது என்று தெரியாது.

இங்கேதான் முதல் தப்பும் நடந்தது. பன்னிரண்டு பித்தளைப் பாத்திரங்களை ஒரு பட்டறையில் மெருகு போடக் கொடுத்தேன். சக்கரத்தில் போட்டுத் தேய்த்துத் தங்கம் மாதிரி திருப்பிக் கொடுத்தார்கள். அப்பத்தாவின் சீர்க் குடத்தில் இருந்த விலாசத்தில் கடைசி இரண்டு எழுத்து காணோம். புள்ளி எழுத்து ஆழமே இல்லாதது. சக்கரம் அதைச் சீவிவிடும் என்று எனக்கு உறைக்கவில்லை. மீதியை வீட்டிலேயே புளியும் சாம்பலும் வைத்து, எழுத்து உள்ள இடத்தில் பழைய பல்துலக்கி கொண்டு மெல்லத் தேய்த்தேன். பளபளக்காது. ஆனால் பேர் இருக்கும்.

மாசி முழுக்கச் சுவர். முகப்பு அறையில் எப்போதோ யாரோ பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்திருந்தார்கள், இளம் பச்சை. இடுப்பு உயரம் வரைக்கும் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, தொட்டால் உள்ளே வெள்ளை உப்பு மாவாகக் கொட்டியது. எங்கள் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுவர் உறிஞ்சும், பிறகு வெயில் காலத்தில் வெளியே விடும். மேலே பிளாஸ்டிக் தோல் போர்த்திவிட்டால் ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே நின்று உப்பைத் தள்ளுகிறது. கொத்தனார் இதைவிடச் சுருக்கமாகச் சொன்னார்: "சுவருக்கு மூச்சு முட்டுது அண்ணே."

பெயிண்டைச் சுரண்டச் சுரண்டக் கீழே பழைய பூச்சு வந்தது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து அரைத்த சுண்ணாம்பை மெல்லிய பூச்சாக ஏற்றி, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றிய சுவர். கன்னத்தை வைத்தால் பளிங்கு மாதிரி சில்லென்று இருக்கும். சுரண்டுவதற்கு முதலில் இரும்புத் தகடு பிடித்தோம், இரண்டு கோடு விழுந்துவிட்டது. பிறகு வெந்நீரில் நனைத்த சாக்கைச் சுவரில் அரை மணி நேரம் ஒட்டவைத்து, பெயிண்ட் இளகியதும் மரக் கரண்டியால் உரித்தோம். நாளைக்கு ஒரு ஆள் நீளம்தான் நகர்ந்தது. பொறுமை இல்லாதவர்கள் இந்த வேலையில் இறங்க வேண்டாம். இறங்கினாலும் கிரைண்டர் மெஷினைத் தொட வேண்டாம்.

பெயர்ந்த இடங்களில் யாரோ சிமெண்ட் வைத்து அடைத்திருந்தார்கள். அதை உடைத்து எடுத்துவிட்டு, நீற்றி மூன்று வாரம் தண்ணீரில் ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு, இடித்த கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுப் பிசைந்த சாந்தால் நிரப்பினோம். ஒரு விரற்கடைக்கு மேல் ஒரே தடவையில் வைக்கக் கூடாது, வெடிக்கும். மேல் பூச்சுக்கு முட்டை வேண்டும் என்று நான் அடம் பிடித்தேன். கொத்தனார் சிரித்துவிட்டு நாற்பது முட்டை வாங்கிவரச் சொன்னார். எனக்குத் தெரிந்த வரை அவர் அதில் பாதியைத்தான் சுவருக்குப் போட்டார். மஞ்சள் கருவெல்லாம் மதியம் ஆம்லெட்டாக வந்தது. புதுப் பூச்சு பழையது அளவுக்கு வழவழப்பாக வரவில்லை. வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது ஒட்டு தெரிகிறது. இருக்கட்டும், ஒட்டு ஒட்டாகவே தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

தரைக்கு அதிகம் செய்யவில்லை. வெளி அறையில் ஆத்தங்குடிக் கல் ஆறு உடைந்திருந்தது. ஆத்தங்குடிக்கே போய்ப் பழைய கல் ஒன்றைக் காட்டி அதே பூப் போடச் சொன்னேன். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, அதன் கட்டங்களில் ஒவ்வொரு சாயச் சிமெண்டாக ஊற்றி, அச்சைத் தூக்கியதும் மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்துகிறார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டி, பிறகு நிழல். கண்ணாடியிலிருந்து பிரித்ததும் தானாகவே மினுங்குகிறது. சூளை கிடையாது. அங்கே நின்று பார்த்தால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தால் புதுச் சிவப்பு கண்ணில் அடித்தது. சுற்றியிருப்பதெல்லாம் தொண்ணூறு வருஷம் காலடி பட்டு அடங்கிய சிவப்பு. அப்போது கொத்தனார் சொன்ன யோசனைதான் இந்த எட்டு மாதத்திலேயே நல்ல யோசனை. கட்டில் வரப்போகும் மூலையிலிருந்து ஆறு பழைய கல்லைப் பெயர்த்து நடுவில் போட்டுவிட்டு, புதுக் கல்லைக் கட்டிலுக்கு அடியில் பதித்தார். சுண்ணாம்புச் சாந்தில் பதித்த கல் என்பதால் முழுசாகப் பெயர்ந்து வந்தது. சிமெண்டில் ஒட்டியிருந்தால் சில்லு சில்லாகத்தான் வந்திருக்கும். ஒன்றே ஒன்று மட்டும் மூலை உடைந்தது. கறை போக ஆசிட் ஊற்றலாம் என்று சித்தாள் ஒருவர் பாட்டிலோடு வந்தார், கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தேன். இதுவும் சிமெண்ட்தான், ஆசிட் மேல் தோலைத் தின்றுவிடும். சோப்புத் தண்ணீர், காய்ந்ததும் தேங்காயெண்ணெய் தொட்ட துணி. போதும்.

மர வேலைக்கு வந்த ஆசாரிக்கு எழுபது வயதுக்கு மேல். வெளி அறைக் கதவைச் சுண்டிப் பார்த்தார், மோந்து பார்த்தார், "பர்மா தேக்கு, மேல சட்டை போட்ருக்கு" என்றார். நாலு கோட்டு எனாமல் பெயிண்ட், கடைசியாக அடித்தது சாக்லேட் நிறம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும். காய்ந்த கதவில் உப்புத்தாள் போட்டால் அந்தத் தூசி நேரே நெஞ்சுக்குள் போகும். அதனால் ரிமூவர் தடவி, ஈரத்தோடு சுரண்டி, முகத்தில் மாஸ்க், கீழே பழைய பேப்பர், பிள்ளைகள் பக்கத்தில் வரக் கூடாது என்று வைத்துக்கொண்டோம். நிலைக்கு மேலே உள்ள கஜலட்சுமியின் யானைத் துதிக்கைகளுக்குள் புகுந்த பெயிண்டை மூங்கில் குச்சியைச் சீவி நோண்டி எடுத்தேன். அந்த ஒரு அடிக்கு மூன்று நாள். மூன்றாம் நாள்தான் இடப்பக்க யானைக்குக் கண் இருப்பதே தெரிந்தது.

மெருகுக்குப் பாலியூரித்தேன் வேண்டாம் என்று முடிவு செய்தேன். பளபளவென்று ஒரு கண்ணாடித் தாள் ஒட்டினாற்போல ஆகிவிடுகிறது. லின்சீட் ஆயிலும் டர்பன்டைனும் பாதிக்குப் பாதி கலந்து முதல் கோட்டு. அடுத்த இரண்டு கோட்டுக்கு எண்ணெயைக் கூட்டிக்கொண்டு போனோம். தடவி இருபது நிமிஷம் விட்டு, குடித்தது போக மீதியைத் துடைத்துவிட வேண்டும். துடைக்காவிட்டால் பிசுபிசுத்து ஈ ஒட்டும்.

துடைத்த துணிகளைச் சுருட்டி ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் கருகல் வாசனை. வாளியைத் தொட்டேன், சுட்டது. தீயும் இல்லை, தீக்குச்சியும் இல்லை. லின்சீட் ஆயில் காயும்போது காற்றோடு சேர்ந்து சூடாகும். விரித்துப் போட்டால் சூடு போய்விடும், சுருட்டிக் குவித்தால் அந்தச் சூடே துணியைப் பற்றவைக்கும். ஆசாரி ஒன்றும் பேசாமல் வாளியை முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரைக் கொட்டினார். அப்புறம், "தொண்ணூறு வருஷத்துத் தேக்கு நல்லா எரியும் தம்பி" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு துணியையும் கிணற்றடிக் கொடியில் தனித்தனியாகக் காயப்போட்டுத்தான் குப்பையில் சேர்த்தேன்.

பங்குனியில் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு நாலைந்து தடவை போனேன். பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. போனவர்களுக்குத் தெரியும், உள்ளே நுழைந்தால் கிழக்கு எது மேற்கு எது என்று தெரியாமல் கதவும் தூணும் கடிகாரமும் குவிந்து கிடக்கும். எனக்கு அங்கே இரண்டு மனசு. எங்கள் ஊரிலேயே இடித்த ஒரு வீட்டின் நிலைக்கதவு அங்கே சாத்தி வைத்திருந்தது. அந்தக் கதவின் குமிழைப் பிடித்து ஆடியவன் நான். செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014-ல் சேர்த்தார்கள். சேர்த்தாலும், பதினொரு பங்குக்காரர்கள் ஒத்துப்போகாத வீட்டை எந்தப் பட்டியலும் நிறுத்திவைக்காது. அதனால் எனக்கு நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். தூண், கதவு, நிலை, உத்தரம் வாங்குவதில்லை. வீட்டை உடைத்தால்தான் அது கடைக்கு வரும். என் வீட்டில் ஏற்கெனவே இருப்பதில் குறைகிற உறுப்பு மட்டும் வாங்குவது: கீல், கொண்டி, குமிழ், பீங்கான் சுவிட்சு, நிறக் கண்ணாடித் துண்டு.

ஏமாறாமல் இருக்கவும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். பழைய மேசை என்றால் கவிழ்த்துப் பார்க்கிறேன். அடிப்பக்கமும் மேல்பக்கம் போலவே கறுத்திருந்தால் சாயம் பூசியது. உண்மையான பழசில் வெளிச்சம் படாத இடம் வேறு நிறமாக இருக்கும். பிளஸ் போட்ட தலை ஸ்க்ரூ இருந்தால், குறைந்தது அந்த இடம் பிற்பாடு கை வைத்தது. பித்தளையில் பச்சைக் களிம்பு ஒரே சீராகப் படர்ந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். ஒரு கடையில் சாண் உயரத்துக்கு ஒரு வெண்கல அம்மன் காட்டினார்கள், நூறு வருஷத்துக்கு மேல் பழசு என்று சொல்லி. பதிவுச் சீட்டு கேட்டேன், இல்லை. 1972-ன் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் கடந்த சிலையைப் பதிவு செய்யாமல் வைத்திருக்க முடியாது. எந்தக் கோவிலிலிருந்து வந்தாளோ என்ற நினைப்பும் வேறு. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கடிகாரத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அமெரிக்காவின் அன்சோனியா கம்பெனி, பெண்டுலம், எட்டு நாளைக்கு ஒரு தடவை சாவி. திறந்தால் உள்ளே பல்சக்கரமெல்லாம் பழுப்புப் பிசினில் உறைந்து கிடந்தது. அப்பச்சி வருஷா வருஷம் தீபாவளிக்கு அதற்குத் தேங்காயெண்ணெய் விட்டது நினைவுக்கு வந்தது. வீட்டில் யாருக்குத் தலை முழுக்கோ அதற்கும் உண்டு. பிசினை மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகக் காயவைத்து, கடிகார எண்ணெயை ஊசி முனையில் எடுத்து அச்சுக் குழிகளில் மட்டும் வைத்தேன். ஓடியது, பத்து நிமிஷத்தில் நின்றது. மறுபடி ஓடியது, நின்றது. இரண்டு நாள் இப்படி. கடைசியில் காதை வைத்துக் கேட்டபோதுதான் புரிந்தது: டிக்குக்கும் டாக்குக்கும் இடையில் இடைவெளி சமமாக இல்லை, நொண்டியது. ரசமட்டம் வைத்து நேராகத் தொங்கவிட்டிருந்தேன். ஆனால் கடிகாரத்துக்கு நேர் என்பது அதன் சத்தத்தில் இருக்கிறது. பெட்டியின் அடியை ஒரு நூல் இடப்பக்கம் தள்ளியதும் சத்தம் சமமானது. அன்றிலிருந்து நிற்கவில்லை. வேகமாகப் போனால் பெண்டுலக் குண்டின் அடியில் உள்ள திருகைத் தளர்த்திக் குண்டைக் கீழே இறக்க வேண்டும், மெதுவாகப் போனால் மேலே ஏற்ற வேண்டும். எங்களுடையது இப்போது வாரத்துக்கு இரண்டு நிமிஷம் முந்துகிறது. அது போகட்டும்.

சித்திரையில் சாமான்களை அறைகளில் வைத்தேன். இதைத்தான் நான் தை மாதத்திலிருந்து மனசில் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஓட்டலாக மாறிய வீடுகளின் படங்களை நிறையப் பார்த்துத் தொலைத்திருந்தேன் அல்லவா, அந்த மாதிரியே வந்தது. முகப்பு அறைச் சுவர் முழுக்க எனாமல் தட்டு. மாடத்தில் படி, உழக்கு, மரக்கால் உயர வரிசையில். மூலையில் அரிக்கேன் விளக்கு ஏழு. வாசலில் ஜாடிகள். வளவில் நின்று பார்த்து எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த பங்கு ஆச்சிக்கு எண்பத்தைந்து வயது, வருஷம் முழுக்க இந்த வீட்டில் இருக்கும் ஒரே ஆள். கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து நிலைவாசலிலேயே நின்று பார்த்தார்.

"என்னப்பா இது, சாமான் கடையாட்டம்ல இருக்கு?"

உள்ளே வரவில்லை. உட்கார இடம் எங்கே என்று கேட்டார். உண்மையிலேயே இல்லை. இருந்த ஒரே பெஞ்சின் மேல் பல்லாங்குழியும் இடியாப்ப உரலும் வைத்திருந்தேன். பிறகு மாடத்தைக் காட்டி, அந்த மூங்கில் பேழை எங்கிருந்து வந்தது என்று கேட்டார். சிவப்பு அரக்குப் பூசிய பேழை, அழகாக இருந்ததால் விளக்கு வெளிச்சம் படும்படி நடுவில் வைத்திருந்தேன். "அது படைப்புப் பேழைல. பெரியவுக துணி வச்சது. அதத் தூக்கி இங்க வச்சிருக்கியே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கே அதைத் துடைத்து உள் அறையில் பழைய இடத்திலேயே வைத்தேன்.

அன்று இரவு எல்லாவற்றையும் இறக்கிவிட்டேன். 214-ல் இப்போது மூன்று அறையிலுமாக வெளியே இருப்பது 46. மற்றதெல்லாம் வேப்பிலை போட்ட பெட்டியில், எண் அட்டையோடு. எடுத்து வைக்கும்போது ஒவ்வொன்றிடமும் கேட்டது ஒரே கேள்விதான்: உனக்கு இங்கே என்ன வேலை?

முகப்பு அறைக்குக் கணக்குப்பிள்ளை மேசை வந்தது. சரிவான மூடியும் உள்ளே மசிக்கூட்டுக் குழியும் உள்ள, தரையில் சம்மணம் போட்டு எழுதுகிற மேசை. ஒரு கால் கரையான் தின்று பொக்கையாக இருந்தது. ஆசாரி எங்கள் வீட்டுப் பழைய கைமரத் துண்டிலேயே ஒட்டுப் போட்டார். நாற்காலிக்கு ஏற்ற உயரம் ஆக்க அடியில் சட்டம் கொடுக்கலாம் என்றார். வேண்டாம் என்றுவிட்டுப் பாய் விரித்துத் தரையிலேயே உட்கார்ந்து லேப்டாப் வைத்துப் பார்த்தேன். முழங்கால் முதல் வாரம் முனகியது. மசிக்குழியில் சார்ஜர் வயர் சரியாக உட்கார்ந்தது. ஆச்சி உட்கார ஒரு பெஞ்சு, வேறு எதுவும் அதன் மேல் கிடையாது.

படங்களை எங்கள் பக்கத்துப் பழைய வழியிலேயே மாட்டினேன். மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவரில் ஆணி அடித்தால் தட்டு அளவுக்குப் பெயர்ந்து விழும். அதனால்தான் முன்னோர்கள் கூரைக்குக் கீழே சுவரோடு மரச் சட்டம் ஓடவிட்டு, அதிலிருந்து படங்களை முன்பக்கம் சாய்த்துத் தொங்கவிட்டார்கள். தரையில் உட்கார்ந்து பார்க்கும்போது அந்தச் சாய்வின் அருமை தெரிகிறது. கண்ணாடியில் வெளிச்சமும் அடிப்பதில்லை. அப்பத்தாவின் ரவிவர்மா லட்சுமி அங்கே இருக்கிறாள். கீழோரத்தில் ரவிவர்மா அச்சகம், கார்லா-லோனாவ்லா என்று இருக்கிறது. 1894-ல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் அங்கே இடம் மாறிய பிறகு அச்சிட்ட படம். அப்பத்தா தன் கையால் லட்சுமிக்குச் சேலை மேல் ஜரிகைத் துணியும் ஜிகினாவும் ஒட்டி அலங்காரம் செய்திருக்கிறார். ஒரு பக்கத்து ஜிகினா உதிர்ந்திருந்தது. ஒட்டிச் சரி செய்யக் கை துறுதுறுத்தது, விட்டுவிட்டேன். சட்டத்தின் பின்பலகையைக் கழற்றினால் ஏதோ மரப் பெட்டியை உடைத்த துண்டு. மசியில் ரங்கூன் என்று பாதி எழுத்து. பெரிய ஐயா ரங்கூன் கடையிலிருந்து அனுப்பிய பெட்டியாக இருக்க வேண்டும். 1942-ல் ஜப்பான் படை ரங்கூனுக்குள் வந்ததோடு எங்கள் வீட்டுக்கு அங்கிருந்து பெட்டி வருவது நின்றது. பழைய பலகையின் புளிப்பு காகிதத்தை அரிக்கும் என்பதால் இடையில் புளிப்பு இல்லாத அட்டை ஒன்றை வைத்து, அந்தப் பலகையையே திரும்ப அடித்தேன்.

வெளி அறைதான் படுக்கையறை. இருட்டுதான் பிரச்சினை. சுவர் முழுக்க வெள்ளைச் சுண்ணாம்பு, கதவுக்கு எதிரே பெல்ஜியம் கண்ணாடி. முற்றத்து வெயில் பத்தித் தரையில் பட்டு, கதவு வழியாக வந்து, கண்ணாடியில் திரும்பிக் கட்டில் மேல் விழுகிறது. காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரைக்கும் விளக்கே வேண்டாம். ரசம் போன ஓரங்களில் கறுப்புத் தீவுகள் தெரியும். புது ரசம் பூசலாம் என்று சொன்னவர்கள் உண்டு. பூசினால் அது புதுக் கண்ணாடி. கண்ணாடி துடைக்கும் திரவத்தை நேரே அடிக்காமல், துணியில் தொட்டுத் துடைக்கிறேன். ஓரம் வழியாக உள்ளே இறங்கினால் இருக்கிற ரசமும் போகும்.

மேலே ஏற்றி இறக்குகிற பித்தளைத் தொங்குவிளக்கு, பால் நிறக் கண்ணாடி மூடியோடு எங்களிடமே இருந்தது. உள்ளே துணி சுற்றிய பழைய வயர், ரப்பர் பொடிப் பொடியாக உதிர்ந்தது. மின்சாரத்தில் மட்டும் பழமைப் பற்று கூடாது. முழுக்கப் புது வயர், உலோக விளக்கு என்பதால் எர்த்தோடு மூன்று கம்பி. பழைய பீங்கான் சுவிட்சுகள் சுவரில் அழகுக்கு இருக்கின்றன. வேலை செய்யும் சுவிட்சு கதவுக்குப் பின்னால். பல்பு 2700 கெல்வின் மஞ்சள். வெள்ளை பல்பு போட்டுப் பார்த்தேன், தேக்கு செத்துப்போன மாதிரி சாம்பலாகத் தெரிந்தது.

கடைசியாக இரண்டாம் கட்டுப் பத்தி, எனாமல் சாமான்களுக்கு. கவிழ்த்தால் ஸ்வீடன், செக்கோஸ்லோவாக்கியா, ஜப்பான் என்று முத்திரை. இதிலும் ஒரு மண்டைக்கனத் தப்பு செய்தேன். பூப்போட்ட நீலப் பேசின் ஒன்றில் ஓட்டை போட்டு விளக்கு மூடியாக்கலாம் என்று டிரில்லரை வைத்தேன். பட்டென்று உள்ளங்கை அளவுக்குப் பூ தெறித்து விழுந்தது. எனாமல் என்றால் இரும்பின் மேல் உருக்கி ஒட்டிய கண்ணாடிதான். கண்ணாடியில் டிரில் போட்டால் என்ன ஆகும் என்று ஐந்தாவது படிக்கிற பையன் சொல்லுவான். அந்தப் பேசினில் இப்போது கற்றாழை வளர்கிறது. உள்பக்கம் சில்லு பெயராத தட்டுகளில் நாங்கள் சாப்பிடுகிறோம். பெயர்ந்தவை துரு பிடிக்கும் என்பதால் உணவுக்கு இல்லை. ஒன்றில் வெங்காயம், ஒன்றில் சாவிக்கொத்து. ஊறுகாய் ஜாடிகளில் நிஜமாகவே ஊறுகாய். சித்திரையில் போட்ட ஆவக்காய் இன்னும் கால் ஜாடி இருக்கிறது. உள்ளே வெள்ளீயம் பூசித் திரும்பி வந்த பித்தளைத் தவலையில் குழம்பும் வைத்தாயிற்று.

ஆவணியில் ஆச்சி திரும்ப வந்தார். இந்தத் தடவை உள்ளே வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, கைத்தடியைச் சுவரில் சாய்த்தார். காபி கேட்டார். எவர்சில்வர் டம்ளரைக் கொண்டுபோய்ப் பெஞ்சிலேயே வைத்தேன். அது ஆசாரி அரக்கு மெருகு போட்டுப் பத்து நாள்கூட ஆகாத பெஞ்சு. சூடான டம்ளருக்குக் கீழே வட்டமாக வெள்ளை பூத்துவிட்டது. ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒரே ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடும் என்று ஆசாரி போனில் சொன்னார். அடுத்த மாதம் வரும்போது பார்க்க வேண்டும். அதோடு முகப்பு அறையின் வடக்கு மூலையில் ஐப்பசி மழைக்கு ஈரம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று சுவரில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். அதுவரைக்கும் பெஞ்சு சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியே கிடக்கும்.